மனித நடமாட்டமற்ற காடு

தாண்டிக்குடிக்குக் கீழே ஜீப் பாதை முடியும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு சரிவு வரும். அங்கே பளியர் பழங்குடியினரின் ஐந்து குடிசைகள் இருந்தன. தாவரவியல் ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் ஆண்டுதோறும் அங்கே சென்று செடிகளைச் சேகரித்தேன். செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்திய செடிகளை மழை நாட்களில் அவர்களுடைய அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்துவேன். அவர்கள் அவித்த காட்டுவள்ளிக் கிழங்கைத் தின்றேன். அவர்களுடைய பாயில் உறங்கினேன்.

உலர்ந்த செடியைத் தாளில் ஒட்டி, அதன் மூலையில் ஒரு சீட்டு எழுதி வைப்பது எங்கள் துறையின் வழக்கம். செடியின் பெயர், இடம், சூழல், சேகரித்தவர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதை எழுதும் முறையை, முன்னொரு காலத்தில் இம்மலையில் அலைந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் விட்டுச்சென்ற தாள்களைப் பார்த்தே கற்றேன். அவற்றில் மரமேறியவனும் சுமந்தவனும் வழிகாட்டியவனும் இருக்க மாட்டார்கள். காடு இருக்கும், பாதிரியார் இருப்பார். அந்தச் சுருக்கத்தை நான் அறிவியல் ஒழுக்கம் என்று எண்ணினேன். மனிதர் கைபடாத காட்டிலிருந்து வந்த மாதிரிக்கு மதிப்பு அதிகம் என்பதும் எங்களிடையே யாரும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை.

ஒருநாள் நான் தங்கும் வீட்டுப் பெண்மணி எனக்காகக் காட்டுவள்ளி தோண்டினார். கிழங்கை எடுத்துக்கொண்டு, கொடியோடு கூடிய தலைப்பகுதியை மட்டும் வெட்டி, அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். எதற்கு என்று கேட்டேன்.

"வார வருசம் எம்புள்ளைக திங்க வேணாமா?" என்றார்.

உடனிருந்த அவருடைய சிறு மகள் சிரித்தாள். "இதுகூடத் தெரியாம பள்ளிக்கூடத்துல என்னதான் சார் சொல்லிக் குடுக்கிறீங்க?"

நானும் சிரித்தேன். கொடைக்கானலுக்குத் திரும்பியதும், என் மனைவியிடம் சீட்டுக்கான வரிகளைச் சொன்னேன். என் எழுத்து கோணல் என்பதால் சீட்டுகளை அவள்தான் எழுதுவாள். "மனித நடமாட்டமற்ற காடு. செடி தானே வளர்வது."

அவள் பேனாவை நிறுத்தினாள். "அப்ப மூணு நாளா யார் வீட்டுல சாப்பிட்டீங்க?"

"அதெல்லாம் சீட்டுல வராது."

மறுபேச்சின்றி எழுதினாள். கடந்த ஐப்பசியில் அவள் இறந்தாள். அவளுடைய கையெழுத்தைப் பார்க்க நேர்வது எனக்கு இப்போது எளிதாக இல்லை.

அந்தக் கையெழுத்தை இவ்வாண்டு என் வீட்டுக்கே கொண்டுவந்தவர், அன்று சிரித்த மகள்தான். தலை நரைத்திருந்தது. அந்தக் கிழங்குச் சரிவின் மீது வன உரிமைச் சட்டத்தின்கீழ் அவர்கள் கொடுத்த மனு தள்ளுபடியாகியிருந்தது. அங்கே மக்கள் வாழ்ந்ததில்லை என்பதற்குச் சான்றாக, இணையத்தில் படமாக ஏற்றப்பட்டிருந்த என் காட்டுவள்ளித் தாளை அதிகாரிகள் அச்செடுத்து ஆணையோடு இணைத்திருந்தார்கள்.

"இது ஒங்க எழுத்தா சார்?"

"என் மனைவி எழுத்து. சொன்னது நான்."

"அம்மா எங்க?"

"இல்லம்மா."

அவர் அந்த அச்சுத்தாளை என் முன்னால் வைத்தார். பிறகு கேட்க வந்ததைக் கேட்டார். "ஆளே இல்லேன்னு எழுதிருக்கீங்களாம். அப்ப ஒங்களுக்குக் கெழங்கு அவிச்சுப் போட்டது ஆரு சார், கரடியா?"

மேல்முறையீட்டு விசாரணைக்குச் சாட்சியாக வருவதாகச் சொன்னேன். விசாரணை நாளன்று வெள்ளனே கிளம்பி அவரோடு சென்றேன். நான்கு பக்க விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். விசாரித்த அலுவலர் மரியாதையானவர். அந்தப் பக்கங்களை அவர் கேட்கவில்லை.

"ஒரே கேள்விதாங்க. அப்ப எழுதினது தப்பா, இப்பச் சொல்றது தப்பா?"

"அந்தக் குறிப்பு முழுமையற்றது," என்றேன்.

அவர் அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். அந்தச் சொல் என்னைக் காப்பாற்றியது, அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்தது.

வெளியே டீக்கடையில் அந்த மகள் கேட்டார். "முழுமையற்றதுன்னா என்ன சார்?"

"கொஞ்சம் விட்டுப் போச்சுன்னு அர்த்தம்."

"அந்தக் கொஞ்சம் நாங்கதானா?"

அந்த ஒரு சீட்டு பொய்யென்றால் மற்றச் சீட்டுகளும் பொய். அவற்றைப் பார்த்து எழுதப் பழகிய என் மாணவர்களின் சீட்டுகளும் அப்படித்தான் இருக்கும். விசாரணை அறையில் நான் அஞ்சியது இதற்குத்தான். அவருக்கோ அந்தச் சரிவு போனால் தோண்டக் கிழங்கு இல்லை. அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மீண்டும் உள்ளே போனேன்.

"சொன்னதைத் திருத்தணும்," என்றேன்.

"எழுதிக் குடுங்க, சேத்துக்கிறோம்," என்று அலுவலர் ஒரு தாளை நகர்த்தினார்.

நின்றபடியே என் கோணல் எழுத்தில் எழுதினேன். "அக்குறிப்பு பொய். அங்கே மக்கள் வாழ்வதைத் தெரிந்தே அவ்வாறு எழுதச் சொன்னேன். அக்கொடிகள் தாமே வளர்ந்தவையல்ல. அவ்வீட்டுப் பெண் ஒருவர் நட்டதை என் கண்ணால் பார்த்தேன்."

அலுவலர் படித்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "தெரிஞ்சேன்னு எதுக்குங்க? தெரியாம நடந்துருச்சுன்னு போட்டுக்கலாமே."

'தெரிந்தே' என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்தேன். அதை அடிக்கவில்லை. வாசலில் நின்ற மகளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"பெண் ஒருவர்னு போட்டா ஆருன்னு சார் தெரியும்? எங்காத்தா பேரப் போடுங்க."

கையெழுத்திடுவதற்கு முன், அந்தப் பெயர் என்ன என்று அவரிடமே கேட்டேன்.