மாசமாய் இருப்பவளிடம் மனசைக் கேட்டேன்

அரசாங்க நர்ஸ் வேலை என்பது, "இவ எதுக்கு இப்ப வந்தா?" என்று கேட்கிற முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசலில் நிற்கிற வேலை. நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சிவப்பு மையில் ஒரு கட்டம்

எழுபதுகளின் தொடக்கம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்தேன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு ஊசி போட வந்தவள் என்பதால், புதிதாக வந்த டாக்டரம்மா எழுத்து வேலையெல்லாம் என் தலையில் கட்டுவார். ஒருநாள் கர்ப்பிணி அட்டையில் எடை, ரத்தம், கால் வீக்கம் இவற்றுக்குக் கீழே சிவப்பு மையால் ஒரு கட்டம் போட்டு ‘மனநிலை’ என்று எழுதினார். "தாய் ஓயாம பயந்துகிட்டே இருந்தா, அது வயித்துப் புள்ளையோட மூளை நரம்பு வரைக்கும் எட்டலாம். பொறந்த பிறகு சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடும். கேட்டு எழுதுங்க" என்றார்.

முதலில் அஞ்சலையிடம் போனேன். வயல்கூலிக்குப் போகிறவள், ஆறு மாதம். முந்தின வருஷம் பிறந்த பிள்ளை மூன்று நாள்தான் இருந்தது. அதிலிருந்து அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லையென்று தெருவுக்கே தெரியும். "மனசு எப்படிம்மா இருக்கு?" என்றேன். தெரியாத ஊருக்கு வழி கேட்டதுபோல் என்னைப் பார்த்தாள். பதில் உள்ளேயிருந்து, மாமியார் காத்தாயியிடமிருந்து வந்தது: "வாயத் தொறக்காதடி! இன்னைக்கு மனசக் கேப்பாங்க, நாளைக்குக் கருத்தடை ஆபரேசனுக்கு வண்டியில ஏத்திருவாங்க!"

காத்தாயியின் மௌன விரதம்

நேராகக் கேட்டால் நடக்காது என்று, பஞ்சாயத்து ரேடியோ கொட்டகையில் பெண்களைக் கூட்டிப் பேசினேன். மாசமாய் இருப்பவளைத் திட்டாதீர்கள், அதட்டாதீர்கள், அழ வைக்காதீர்கள். எதுகை மோனையோடுதான் பேசினேன். காத்தாயி முன்வரிசையில் உட்கார்ந்து, போன பிள்ளையை நினைத்தோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

பத்தாம் நாள் துணை நிலையத்து வாசலில் வந்து நின்றாள். முகம் உப்பியிருந்தது. பல்வலியோ என்று வாயைத் திறக்கச் சொன்னேன். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு நர்சம்மா. பத்து நாளா அவள ஒரு வார்த்த திட்டல, எனக்கு நெஞ்ச அடைக்குது. அந்த அட்டையில எனக்கும் ஒரு கட்டம் போடுங்க!"

ஊமை ஊர்வலம்

அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாக மிராசுதார் சொல்ல, விவசாயக் கூலிகளின் சங்கம் கொடி தூக்கியது. தினமும் காலையில் ஊர்வலம் அவர் வீட்டு வாசல் வழியாகப் போகும். முன்னால் போவது அஞ்சலையின் புருஷன் கோவிந்தன். மிராசுதார் வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள், கோஷம் கேட்டுக் கேட்டு அழுகையும் படுக்கையுமாகக் கிடந்தாள். மிராசுதார் என்னைக் கூப்பிட்டு, என் சொற்பொழிவை எனக்கே ஒப்பித்தார். கோவிந்தனிடம் போய்ச் சொன்னேன். "நம்ம வீட்டுலயும் மாசமா இருக்குதுங்களே, நியாயந்தான்" என்றான்.

மறுநாள் ஐம்பது பேர் முஷ்டியை உயர்த்தி, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அந்த வாசலைக் கடந்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்துவிட, பக்கத்திலிருந்தவர் துண்டால் அவர் வாயைப் பொத்தினார். மாடி ஜன்னலில் நின்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாளாம். சிரித்து முடித்துச் சொன்னாள்: "அப்பா, நாளைக்கும் வரச் சொல்லுங்கப்பா!"

மதகடியில் ஜீப்

சிரிப்பு அதோடு சரி. வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கிய அன்று கைகலப்பு. கோவிந்தனையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மற்றவர்களைத் தேடி ஜீப் தினமும் தெருவுக்குள் வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் அஞ்சலை இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். சோறு இறங்கவில்லை, எடை இறங்கியது.

ஜீப் சத்தம் கர்ப்பிணிக்கு ஆகாது என்று டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "யாரும் பயப்படக் கூடாதுன்னா போலீசு எதுக்கும்மா?" என்று, நிஜமாகவே விடை தெரியாதவர்போல் கேட்டார். ஆனாலும் மறுநாளிலிருந்து ஜீப் தெருவுக்குள் வராமல் வாய்க்கால் மதகடியிலேயே நின்றது. காவலர் இருவர் மழை பெய்த வரப்பில் நடந்து வந்தார்கள். முழங்கால் வரை சேறு. மூத்தவர் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்: "யாரும்மா இங்க மாசமா இருக்கறது? சீக்கிரம் பெத்துக்கச் சொல்லுங்க!"

காதோடு பேசியது

அஞ்சலைக்குப் பெண் குழந்தை. மூன்றாம் நாள் தாண்டும்வரை நான் அந்தத் தெருவிலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தேன். தாண்டியது. ஆனால் கரண்டி விழுந்தால்கூடத் தூக்கிப் போட்டது, கையில் எடுத்தால் விறைத்தது, அழுதால் அடங்கவில்லை. "என் பயந்தான் அதுக்குள்ள போயிருச்சா நர்சம்மா?" என்றாள் அஞ்சலை. அவளாக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எத்தனையோ சொல் படித்தவள் நான். அன்று பிள்ளையோடு அவளை டாக்டரம்மாவிடம்தான் கூட்டிப்போனேன். அவர் சொன்னார்: "ஒங்க குத்தம் இல்லம்மா. உள்ள போன பயம் அப்படியே நிக்கணும்னும் இல்ல. நெஞ்சோட வச்சு மெதுவா பேசிக்கிட்டே இருங்க."

பேசிப் பழகாதவள் என்ன பேசுவாள்? ஆனாலும் நாள் முழுக்கப் பிள்ளையிடம் முணுமுணுத்தாள். கோவிந்தன் ஜாமீனில் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஏழாவது வாரம் காத்தாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பிள்ளைக்கு என்ன என்று கேட்கவும் பயம். அவளே சொன்னாள்: "வந்து கேளுங்க நர்சம்மா! அவ புள்ள காதுல என்னப் பத்தி என்னமோ சொல்றா, அது என்னப் பாத்துப் பாத்துச் சிரிக்குது!"

வாய் திறக்காதவளை வாய் திறக்க வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. திறந்த வாய்க்கு முதலில் யார் அகப்படுவார்கள் என்பது எந்தக் காலத்திலும் நர்ஸ் கையில் இருந்ததில்லை.