தபசு காலத்தில் என் அஞ்சு கல்

இந்த வருஷம் தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்த மருமகள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். பாஸ்கா வரைக்கும், அதாவது ஈஸ்டர் வரைக்கும், வீட்டில் டிவி கிடையாதாம். நான் போனில் பழம் சேர்த்து உடைக்கிற விளையாட்டு ஒன்று ஆடுவேன், பேத்தி போட்டுக் கொடுத்தது. அதுவும் கூடாதாம். "நாம எல்லாரும் பிடிச்சதை விட்டு ஒறுத்தல் செய்யணும் அத்தை" என்றாள்.

எல்லாரும் என்றால் யார்? அவள் டிவி பக்கம் திரும்புகிற ஆளே இல்லை. மகன் தாடி விட்டிருக்கிறான், அதுதான் அவன் ஒறுத்தல். மிச்சம் இருப்பது நான்தானே. சாயங்காலத்துச் சீரியலும் அந்தப் பழ விளையாட்டும்தான் இந்த வயதில் எனக்குப் பொழுதுபோக்கு. இரண்டையும் என்னைக் கேட்காமலே ஆண்டவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நானும் சரிம்மா என்றுதான் சொன்னேன். எதிரே நின்று பேச எனக்கு என்றைக்கு வாய் வந்தது? ராத்திரிச் சோறு மட்டும் இறங்கவில்லை. ஏனென்றால் என் சாமானை எடுத்துத் தன் புண்ணியமாக ஆக்கிக்கொண்ட முதல் ஆள் இவள் இல்லை.

என் சின்ன வயதில் எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே உலையில் பொங்கித் தின்றோம். பெரியம்மா கையில்தான் சாவி. என் அம்மா இளைய மருமகள், அதனால் அடுப்பு, கிணறு, மாடு எல்லாம் அம்மாவுடையது. நான் மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் அஞ்சு கல் இருந்தது. விழுப்புரம் ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் பொறுக்கி, கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து முனை மழுக்கியவை. விரல் தோல் உரிந்துபோகும். ஒரு கல்லில் செம்புக் கோடு ஓடும், அதைத்தான் மேலே தூக்கிப் போடுவேன். பள்ளிக்கூடத்தில் யாரோடும் அதிகம் பேச மாட்டேன். கல் ஆட உட்கார்ந்தால் மட்டும் பெரிய பெண்களும் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கல் இல்லாவிட்டால் எனக்குக் கூட்டாளியே கிடையாது.

அந்தத் தபசு காலம் ஆரம்பித்த அன்று பெரியம்மா எல்லாரையும் நிற்க வைத்து, அவரவருக்குப் பிரியமானது ஒன்றை விட வேண்டும் என்று சொன்னாள். பெரியப்பா சவரம் செய்வதை விட்டார். சீட்டாட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. பெரியம்மா பாகற்காயை விட்டாள். அவள் பாகற்காய் தின்று நான் பார்த்ததே கிடையாது. அதற்கப்புறம் என் பக்கம் திரும்பி, பாவாடை மடிப்பில் முடிந்திருந்த கல்லைக் கேட்டாள். சின்னப் பிள்ளை செய்கிற ஒறுத்தலைத்தான் ஆண்டவர் முதலில் பார்ப்பார், வீட்டுக்கே நல்லது என்றாள். கல்லை வாங்கிக் கழுவி, மாதா சுரூபத்தின் காலடியில் வரிசையாக வைத்தாள். வீட்டுக்கு நல்லது என்றால் பெரியப்பாவின் சீட்டுக்கட்டை வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் மாசேர், அதாவது எங்கள் கன்னியர் அம்மா, யார் யார் என்ன விட்டீர்கள் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு கல் என்றேன். மாசேர் மகிழ்ந்துபோய், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரியம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையை நல்லபடி வளர்க்கிறீர்கள் என்று மெச்சினார். கல் என்னுடையது, மெச்சல் அவளுக்கு. பெரியம்மா அந்த வாரம் முழுக்க அதைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

அம்மா என்ன விட்டாள் என்று ஒருநாள் அவள் சாணி தட்டும்போது கேட்டேன். "விடறதுக்கு எங்கிட்ட இன்னாடி கீது?" என்று சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரையும் நிற்க வைத்தபோது இவள் மட்டும் தப்பித்துக்கொண்டாள் என்றுதான் பட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. வீடே சிலுவைப்பாதைக்குப் போயிற்று. அம்மா மட்டும் வரவில்லை. எல்லாரும் ஒருசந்தி, ஒரே வேளை சாப்பிடுகிற விரதம், இருந்துவிட்டுத் திரும்பி வருவார்கள், அவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டுமே. பாதி வழியில் வெயில் தாங்காமல் எனக்குக் கண் இருட்டியது. பெரியம்மா முகம் சுளித்து, வீட்டுக்குப் போய்த் தண்ணி குடி என்று அனுப்பிவிட்டாள்.

வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டக், டக் என்று சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது?

மாதா சுரூபத்துக்குக் கீழே, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, அம்மா உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். செம்புக் கோட்டுக் கல் மேலே போயிற்று. அது இறங்குவதற்குள் நாலு கல்லையும் ஒரே வாரில் வாரினாள். பிறகு அஞ்சையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தினாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. என்னால் மூன்றுக்கு மேல் ஏந்த முடிந்ததில்லை.

என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். "என் கல்லு அது. நான் தொட்டா பாவம், நீ தொட்டா பாவமில்லியா?" என்றேன். அழுகையில் பாதிச் சொல் வரவில்லை.

அம்மா திடுக்கிடவில்லை. கல்லை ஒவ்வொன்றாகப் பழைய வரிசையில் வைத்தாள், செம்புக் கோடு நடுவில், பெரியம்மா வைத்திருந்த மாதிரியே. "கஞ்சி கொதிக்கிற வரைக்கும்தான்டி" என்றாள். சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பாஸ்கா வரைக்கும் நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் ஊட்ட வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாஸ்காவுக்குக் கல் என் கைக்குத் திரும்பி வந்தது. பெரியப்பா தாடியை எடுத்தார், பெரியம்மா வழக்கம்போலப் பாகற்காய் தின்னவில்லை. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். நான் கல்லை மடியில் முடிந்துகொண்டு தெருவுக்கு ஓடினேன்.

எனக்கு அப்போது இருந்த கோபமெல்லாம் என் கல்லை அவள் தொட்டாளே என்பதுதான். அப்படி ஆடுகிற கைகாரி, இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக ஏன் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. கஞ்சி எவ்வளவு சீக்கிரம் கொதித்துவிடும் என்பதும் எனக்குத் தெரியாது. அதுவரை நான் அடுப்பே மூட்டினதில்லை.