கடைக்கோடியிலும் சூடு

எங்கள் ஊர் பம்கோலில் குளிர்காலத்தில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் அடுப்போரத்தைத்தான் தேடும். சமையலறையில் மூட்டும் நெருப்பு தரைக்கு அடியில் இருக்கும் கல் தடங்களுக்குள் புகுந்து, அறை முழுக்கத் தவழ்ந்து, மறுபக்கப் புகைபோக்கி வழியாக வெளியே போகும். நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தரை நன்றாகச் சுடும். அங்கே ஒட்டியிருக்கும் எண்ணெய்க் காகிதமே கருகிப் பழுப்பேறியிருக்கும். அது பெரியவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் உள்ள இடம். மற்றவர்கள் வயதும் மதிப்பும் குறையக் குறையத் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். கடைக்கோடியில் இருப்பவர் தன் பாதங்களைத் தானே பிடித்துக்கொண்டிருப்பார்.

ஷிம் குடும்பத்துப் பெரிய அறையில் அந்தக் கடைக்கோடி சுன்தோக் அத்தையின் இடமாக இருந்தது. அப்போது அவர் சிறுமி. அவருடைய அம்மா அந்த வீட்டில் நெருப்புப் போடும் வேலைக்காரி. அம்மா அங்கே விறகைத் தள்ளுவார், மகள் இங்கே சூடு வந்து சேராத மூலையில் உட்கார்ந்து பயறு பொறுக்குவாள்.

"எங்கம்மா போட்ட தீ ஊருக்கெல்லாம் போச்சு, எங்கிட்ட மட்டும் வரல" என்று அத்தை சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

வளர்ந்ததும் தேகு நகரத்துக்குப் போய், பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகச் சூப்புக் காய்ச்சினார். கணவரையும் அங்கேதான் அடக்கம் செய்தார். ஐம்பதைத் தாண்டியதும் ஊருக்குத் திரும்பி அதே ஷிம் வீட்டை வாங்கினார். ஷிம் பெரியவர் அதற்குள் பக்கத்திலேயே பாய்லர் வைத்த கான்கிரீட் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். பழைய வீட்டுக் கூரையில் புல் முளைத்திருந்தது.

"நகரத்துல இருந்து வந்தவ குளிக்க ஷவர் தேடுவான்னு பாத்தா, எலிப்பொந்தைத் தேடி வாங்கியிருக்கா" என்றார் கும்ஓக். அத்தையின் சிறுவயதுத் தோழி அவர், வாய் கொஞ்சம் நீளம்.

முதல் வருடம் அத்தை கூரை ஓடுகளை இறக்கி, நல்லதைப் பிரித்து, மண் போட்டு மீண்டும் அடுக்கினார். உடைந்த ஓடுகளைக்கூட வீசாமல் மாட்டுக்கொட்டகையில் குவித்து வைத்தார். அடுத்த வருடம் அடி உளுத்த தூண்களை அறுத்து, புதுப் பைன் கட்டையைக் கீழே கோத்து நிறுத்தினார். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கதவுகளைக் கழற்றி வாசலில் சாய்த்துவிடுவார். பழைய காகிதத்தை நனைத்து உரித்து, புதுக் காகிதத்தில் பசை தடவி ஒட்டி, வாயில் தண்ணீரை வைத்து ஊதித் தெளிப்பார். காயும்போது அது பறைத்தோல் போல விறைத்துக்கொள்ளும். கைப்பிடி வரும் இடத்தில் சிவந்த மேப்பிள் இலை ஒன்றை வைத்து இரட்டைக் காகிதம் ஒட்டுவார். ஓரத்தில் ஒரு விரல் அகலக் காகிதத்தை ஒட்டாமல் தொங்க விடுவார். கதவைச் சாத்தினால் அது இடுக்கை அடைத்துக்கொள்ளும். காற்று அடிக்கிற நாளில் அது படபடக்கும் சத்தத்தைக் கேட்டால் வீடு மூச்சு விடுவது போல இருக்கும்.

நான் பல நாடுகள் சுற்றிவிட்டு ஊர் வந்து சேர்ந்தது மூன்றாவது வருட இலையுதிர்காலத்தில். அந்த வாரமே ஊர்க்கூடத்தில் அத்தை எழுந்து நின்று ஒரு வார்த்தை கொடுத்துவிட்டார். வருடத்தின் மிக நீண்ட இரவு வரும் குளிர்கால நடுநாளில் ஊரே கூடத்தில் கூடிக் கஞ்சி குடிப்பது வழக்கம்.

"இந்த வருஷம் குளிர்கால நடுநாள் கஞ்சி கூடத்துல வேணாம். எல்லாரும் எங்க வீட்டுப் பெரிய அறைக்கு வாங்க. எங்க உக்காந்தாலும் சுடும். கடைக்கோடின்னு ஒண்ணு இருக்காது."

ஷிம் பெரியவர் தொண்டையைச் செருமினார். "எங்கப்பா காலத்துல அந்த மூலை சுட்டதில்ல. எங்க தாத்தா காலத்துலயும் சுட்டதில்ல. வீட்டுக்குன்னு ஒரு குணம் இருக்கும்மா."

"குணத்த மாத்திப் பாப்போம் ஐயா."

"மாத்து. அந்த மூலை சுட்டா நானே அங்க உக்காந்து கஞ்சி குடிக்கிறேன்."

கூடம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. சூடு வராவிட்டால் இந்தச் சிரிப்பு எத்தனை குளிர்காலத்துக்கு ஓடும் என்று அவருக்குத் தெரியும். அதைவிட, அம்மாவின் தீ இந்த முறையும் பாதியில் நின்றுவிடும்.

பக்கத்து ஊர்க் கொத்தனார் பாங்கை அழைத்துத் தரையைப் பெயர்த்தார்கள். மண் சுமக்க நானும் போனேன். பலகைக்கற்களைத் தூக்கியதும், தடங்களில் இருந்த புகைக்கரி முழங்கை வரை அப்பியது. ஓர் எலிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டியிருந்தது.

"பாத்தியா, சூட்ட எல்லாம் வாடகைக்கு விட்டிருக்காரு ஷிம் ஐயா" என்றார் பாங்.

தடங்களைச் சுரண்டி, நெருப்புப் பக்கம் தடித்த கல்லும் கனமான மண்ணும், மறுகோடிக்கு மெல்லிய கல்லும் மண்ணுமாகப் போட்டோம். பச்சைப் பைன் கிளைகளை அடுப்பில் திணித்துப் புகைய விட்டு, தரையில் எங்கெல்லாம் புகை கசிகிறது என்று தவழ்ந்து தேடி அடைத்தோம். மண் காய்ந்ததும் காகிதம் ஒட்டி, அரைத்த சோயாவும் எண்ணெயும் சேர்த்துத் துணியில் முடிந்து தேய்த்தோம். அறை தேன் நிறத்தில் மின்னியது.

தீ மூட்டினார் அத்தை. அடுப்போரம் உட்கார முடியாத சூடு. கடைக்கோடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தரை சில்லென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

பாங் வெளியே போய், தாழ்வாரத்து ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு இருந்த புகைபோக்கியின் வாயில் கை நீட்டினார். "தூங்கறவன் மூச்சு மாதிரி வருது. தரையில தப்பில்ல அக்கா. இவ்ளோ குள்ளமா இருந்தா இது எங்க இழுக்கும்? உசத்தினாதான் தீ கடைசி வரைக்கும் ஓடும்."

அந்தக் குட்டைப் புகைபோக்கியில்தான் ஷிம் குடும்பத்தின் பெருமையே இருந்தது. அத்தை நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"ஊரு பசியில கிடக்கறப்ப நம்ம வீட்டுப் புகை மேல போனா திமிருன்னு முன்னோருங்க குட்டையாக் கட்டினாங்க" என்றார் பெரியவர். "யார் கண்ணுக்கும் படாமத் தரையோட போயிடும். அப்படிப்பட்ட மனசு அவங்களுக்கு."

"கண்ணுக்குப் படலதான் ஐயா. சோத்து வாசனை வந்துது. நாங்க பக்கத்துலதான இருந்தோம்."

பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் உசரமாக் கட்டறேன். பாக்கறவங்க பாக்கட்டும். பசிச்சா வந்து சாப்பிடட்டும்."

"இப்ப வீடு உன்னுது. எங்கிட்ட எதுக்கு அனுமதி கேக்கற?"

"கேக்க வரல ஐயா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கொட்டகையில் குவித்திருந்த உடைந்த ஓடுகள் வெளியே வந்தன. ஒரு வரிசை ஓடு, ஒரு வரிசை மண் என்று புகைபோக்கி எழுந்தது. அதற்குள் குளிர் முற்றிவிட்டது. குழைத்த மண் கையிலேயே உறைந்தது. வெந்நீர் ஊற்றிக் குழைத்தோம். கட்டியதை வைக்கோலால் சுற்றி, உள்ளே சிறு தீ வைத்துக் காய வைத்தோம். அப்படியும் ஒரு பக்கம் உறைந்து மறு பக்கம் இளகியதில், கூரை உயரத்துக்கு வந்தபோது அது ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது.

"குடிச்சுட்டு நிக்கறவன் மாதிரி இருக்கே" என்றார் கும்ஓக்.

"விழுமா பாங்?" என்று அத்தை கேட்டார்.

"விழாது. ஆனா நேராவும் நிக்காது."

குளிர்கால நடுநாள் அன்று காலையிலேயே அத்தை அடுப்பை மூட்டினார். புகை செங்குத்தாக எழுந்து, அக்கரைக்காரர்கள்கூட வாசலில் நின்று பார்க்கும்படி வானத்தில் ஏறியது. பெரிய இரும்புச் சட்டியில் சிவப்புப் பயறுக் கஞ்சி கொதித்தது. அரிசி மாவு உருண்டைகள் அதில் முங்கி முங்கி எழுந்தன. மதியத்துக்குள் ஊரே வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் எல்லோரும் அடுப்போரத்துக்கு முண்டியடித்தார்கள்.

"தள்ளிப் போங்கடி, வேகுது" என்று கும்ஓக்கே முதலில் எழுந்து நகர்ந்தார்.

பெரியவர் கடைசியாக வந்தார். அவரைக் கண்டதும் அடுப்போரத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அத்தை கரண்டியோடு வாசற்படியில் நின்றார்.

"ஐயா, உங்க இடம் அங்க."

பெரியவர் கடைக்கோடியைப் பார்த்தார். ஓவர்கோட்டைக் கழற்றாமலே போய், முழங்காலை மடித்து விறைப்பாக உட்கார்ந்தார். கஞ்சி வந்தது. சாப்பிட்டார். பாதியில் கோட்டைக் கழற்றினார். கிண்ணம் காலியானபோது காலை நீட்டியிருந்தார். பக்கத்தில் யாரோ முள்ளங்கி ஊறுகாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததற்குத் தலையாட்டினார், பிறகு ஆடிய தலை அப்படியே சுவரில் சாய்ந்தது. குறட்டை வந்தது.

"எழுப்பட்டுமா?" என்று கும்ஓக் கிசுகிசுத்தார்.

"விடு. அந்த மூலையில தூங்கின முதல் ஷிம் அவருதான்."

அத்தை கிண்ணத்தை எடுக்கக் குனிந்தார். பெரியவரின் காலுக்குப் பக்கத்தில் தரையில் உள்ளங்கையை வைத்தார். தரை சுட்டது. முதுகை நிமிர்த்தி, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அப்படி ஒரு நிமிர்வை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தூங்கி எழுந்த பெரியவர் நேராக வெளியே போனார். முற்றத்தில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"கோணலா இருக்கு."

"உறைபனியில கட்டினது ஐயா."

"கட்டறதுன்னு ஆச்சு, நேராக் கட்டறது இல்லையா? ஊரே பாக்குது."

வசந்தம் வந்து, மண் குழைக்க ஏற்ற வெயிலும் அடித்தது. நான் மறுபடி கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். விடைபெறப் போனபோது புகைபோக்கி இன்னும் ஆற்றுப் பக்கமே சாய்ந்திருந்தது. எப்போது நிமிர்த்தப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்கு? கோணலா இருக்குன்னு சொல்லவே அந்த மனுஷன் வாரம் தவறாம வர்றாரு" என்றார் அத்தை, விறகை உள்ளே தள்ளியபடி. "வந்தா நேரா அந்த மூலைக்குப் போய்த்தான் உக்கார்றாரு."