எச்சில் துப்பத் திரும்பிய முகம்

சாகர் ரோட்டில் ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழே, என் மச்சான் செல்வத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இவன் பிழைக்க மாட்டான் என்று நான் உட்கார்ந்திருந்த மத்தியானம் ஒன்று உண்டு. அவன் தொடை எலும்பு உடைந்து சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இரத்தம் நிற்கவே இல்லை. என் வலது தோள்பட்டை இறங்கிப்போய், கை வெறுமனே தொங்கியது. மேலே சாலையில் ஒரு ஆள் இல்லை.

அங்கிருந்து எங்களை வீடுவரை கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லி இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளே, நான் பெரிய படிப்பாளி இல்லை. செகந்திராபாத் பக்கம் குஷாய்குடா ஃபேக்டரியில் ஃபிட்டர். நம் ஞாயிறு பள்ளியில் உங்களில் சிலர் வேதப் புத்தகத்துக்குள் மோட்டார் சைக்கிள் படம் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். என் மகனும்தான். "பெரியவனானதும் கூட்டமாப் போவோம், ராலிக்குப் போவோம்" என்று பேசிக்கொள்கிறீர்கள். அந்தக் கூட்டத்தோடு நான் ஒரே ஒரு தடவை போனேன். அதனால்தான் சொல்கிறேன்.

செல்வம் உங்கள் ஆன்ட்டியின், அதாவது என் மனைவியின், கூடப்பிறந்த தம்பி. அப்போது அவனுக்கு மீசை நன்றாக முளைக்காத வயது. சொந்த வண்டி கிடையாது, ஆனால் மூச்செல்லாம் வண்டிதான். ஃபேக்டரியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம் வைத்திருந்தார்கள். சங்கராந்தி லீவில் சாகர் அணைப் பக்கம் ராலி, மோட்டார் சைக்கிள்காரர்களின் திருவிழா, இருக்கிறது என்று கிளம்பினார்கள். செல்வம் நானும் போவேன் என்று சோறு தின்னாமல் படுத்துக்கொண்டான்.

"அவன அந்தக் குடிகாரப் பசங்களோட தனியா அனுப்பமாட்டேன்" என்றாள் உங்கள் ஆன்ட்டி. "நீங்க கூடப் போங்க. யாரு வண்டியாவது வாங்கிப் பின்னாடி உக்காத்தி வெச்சுக் கூட்டினு போயி, கூட்டினு வந்துடுங்க."

எனக்கு ஏது வண்டி? எங்கள் செக்‌ஷன் சார்ஜ்மேன், எனக்கு மேலே உள்ளவர், தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். ஒரு ஸ்க்ரூவில்கூடக் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கூட்டத்தில் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட்டதால், எட்டாவது வண்டியாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எல்லா வண்டியும் ஒரு ஷெட்டில் நின்றது. அங்கே ஒரு வேலை நடந்தது. அதைக் கவனமாகக் கேளுங்கள். ஸ்பானர் வைத்து அவரவர் வண்டியில் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டார்கள். ராலியில் அழகான வண்டிக்குப் பரிசாம். கண்ணாடி இருந்தால் வண்டிக்குக் காது முளைத்த மாதிரி இருக்குமாம்.

சாதாரணமாக ஊர் சுற்றப் போகும்போது அவர்களுக்கே ஒரு சட்டம் இருந்தது. அவனவன் தன் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அவன் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். இவன் நின்றால் இவனுக்கு முன்னால் போகிறவனும் நிற்பான். இப்படி மொத்த வரிசையும் நின்றுவிடும். நல்ல சட்டம். அதைத்தான் அழகுக்காகக் கழற்றிக் கோணியில் கட்டினார்கள்.

"உன் வண்டிதையும் கழட்டு பாஸ்டர்" என்றான் கேப்டன். அவன்தான் கூட்டத்துக்குத் தலைவன். நான் குடிக்க மாட்டேன் என்றதும் எனக்கு பாஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"இரவல் வண்டி. முடியாது" என்றேன்.

"அப்ப கடைசில வா. வரிசையைக் கெடுக்காத."

கடைசியில் போகிறவனுக்குக் கண்ணாடி இருந்து என்ன பயன்? அவன் பின்னால் யார் வரப்போகிறார்கள்? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

எனக்கு நேர் முன்னால் போனவர் பாபு அண்ணன். ஸ்டோர்ஸில் வேலை. நம் தமிழ்க்காரர்தான், ஆனால் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் உருதுவும் கலந்து பேசுவார்; ஏன் என்பதற்குக் கைக்கு என்பார், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார். வாயில் எப்போதும் பான் இருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே தலையை வலது தோளுக்குப் பின்னால் முழுக்கத் திருப்பிப் பளிச்சென்று துப்புவார். அது காற்றில் பறந்து பின்னால் வருகிறவன் மேல் விழும். அதனாலேயே அவர் பின்னால் ஓட்ட யாரும் சம்மதிக்கவில்லை. அந்த இடம் எனக்கு வந்தது.

உங்கள் ஆன்ட்டி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். இப்ரஹிம்பட்டணம் தாண்டுவதற்குள் அதில் செம்புள்ளி. முகத்தில், உதட்டில், ஒரு தடவை பல்லில்கூட. எனக்குக் குடலைப் பிரட்டியது. வண்டியை ஓட்டிக்கொண்டே ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இந்த மனுஷன் வாயை அடையும், எச்சிலை நிறுத்தும் என்று கேட்டேன். மனதாரக் கேட்டேன்.

நிற்கவில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது பாபு அண்ணன் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாஸ்டர், கைக்கு மூஞ்ச இப்பிடி வெச்சினு கீறே? ஹோலி விளையாடினா மாதிரி ஷோக்காத்தானே கீது?"

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் துப்பக்கூடாதா?"

"நக்கோ பாஸ்டர். எனக்குக் கழுத்து இந்தப் பக்கந்தான் திரும்பும்."

செல்வம்கூடச் சிரித்தான். எனக்கு அவன் மேலும் கோபம்.

ராலி மைதானத்தைப் பற்றி உங்களுக்கு எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் படத்தில் நீங்கள் பார்ப்பது வேறு, அங்கே நடப்பது வேறு. சைலன்சரைக் கழற்றிவிட்டு வண்டியை நிற்க வைத்தே முறுக்குகிறார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவன் வாந்தி எடுப்பதுகூடக் கேட்காது. காலை நேரத்திலேயே சாராயம். புகையும் எண்ணெய் நாற்றமும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடை என் மூக்கை விட்டுப் போக ரொம்ப நாளாயிற்று.

அப்புறம் கோழிப் போட்டி. பக்கத்துக் கிராமத்தில் வாங்கின கோழிகளை மைதானத்தில் ஓடவிட்டார்கள். வண்டியில் போய்க்கொண்டே குனிந்து காலைப் பிடித்துத் தூக்க வேண்டும். பாதிக் கோழி சக்கரத்தில் மாட்டியது. ஒருவன் கையில் வெறும் இறக்கை மட்டும் வந்தது. அதை மாலை மாதிரி காட்டினான், ஜனங்கள் கை தட்டினார்கள். ஆண்டவர் உண்டாக்கின உயிர். அது துடிக்கிறது, இவர்கள் கை தட்டுகிறார்கள். நான் ஒரு மரத்தடியில் போய் மண்ணைப் பார்த்து நின்றேன்.

ஒரே ஒரு கோழியை உயிரோடு பிடித்தது பாபு அண்ணன். அதன் காலைக் கட்டி ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"மாமா, போலாம் மாமா" என்றான் செல்வம். அவன் முகம் வெளுத்திருந்தது. "இது இன்னா மாமா, நான் நெனச்சா மாதிரி இல்ல."

ராத்திரி ஒரு சத்திரத்து வராந்தாவில் ஒரு மூலையில் ஒதுங்கிப் படுத்தோம். மறுநாள் அதே வரிசையில் திரும்பினோம். கேப்டன் வண்டிக்கு அழகுப் பரிசு கிடைத்திருந்தது. அந்தத் திமிரில், கழற்றின சைலன்சரைத் திரும்ப மாட்டாமலே, எனக்கு முன்னால் போன எல்லோரும் வேகம்.

அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் சோளக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டி மிதித்து மணி உதிரும். ஒரு திருப்பத்தில் அப்படிப் பரப்பியிருந்தது. முன்னால் போன ஏழு வண்டியும் அதைக் கலைத்துவிட்டது. மணி உருண்டு கிடந்த இடத்தில் என் சக்கரம் ஏறியது. வண்டி வழுக்கி, பாலத்தின் ஓரக்கல்லில் மோதி, நாங்கள் மூவரும் கீழே போனோம். மூவர் என்றால் நான், செல்வம், வண்டி. வண்டி அவன் தொடை மேல் விழுந்தது.

வாய் கிழியக் கத்தினேன். மேலே ஏழு வண்டிகளின் சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. சைலன்சர் இல்லாதவன் காதில் என் குரல் எப்படி விழும்? கண்ணாடி இல்லாதவனுக்கு நான் விழுந்தது எப்படித் தெரியும்? அப்போதுதான் அந்தக் கோணிப்பை என் கண்முன் வந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தமும் நின்றது. கதிர் பரப்பினவர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும். ஒரு குருவிச் சத்தம்தான்.

இடது கையாலும் முதுகாலும் நெம்பிப் பார்த்தேன். வண்டி அசையவில்லை.

"மாமா, அக்காகிட்ட இன்னா சொல்லுவ?" என்றான் செல்வம். அப்புறம், "குளுருது மாமா" என்றான். உச்சி வெயில், பிள்ளைகளே.

அப்போது ஜெபித்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, அவர்களில் ஒருவனையாவது திரும்பிப் பார்க்க வையும். ஒரே ஒருவன் போதும். கொஞ்சம் மனுஷத்தன்மை உள்ள ஒருவனாகப் பார்த்து அனுப்பும். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். செல்வத்தின் கண் சொருகியது. அவனை எழுப்பிவிட்டு மறுபடி சொன்னேன். பதிலே இல்லாத மாதிரி இருந்தது. என் அக்கிரமம்தான் குறுக்கே நிற்கிறது என்று நினைத்தேன். கடைசியில் அழுகைதான் வந்தது.

தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம். ஒரே வண்டி. கிட்டே வந்து மேலே நின்றது. பாலத்துக் கல்லுக்கு மேல் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. சிவந்த வாய்.

உண்மையைச் சொல்கிறேன். போயும் போயும் இவரா என்றுதான் என் மனசு முதலில் சொன்னது.

பாபு அண்ணன் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, வண்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே தூக்கில் புரட்டினார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். இரண்டு நாளாக அவர் வாய் துடைத்த துண்டு. அதைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அதை செல்வத்தின் தொடையில் காயத்துக்கு மேலே சுற்றி, ஸ்பானரை உள்ளே விட்டு முறுக்கினார். இரத்தம் குறைந்தது.

"ஸ்டோர்ஸ்ல ஃபர்ஸ்ட் எய்டு கத்துக் குட்த்தாங்க பாஸ்டர். டூட்டிக்கு டிமிக்கி குடுக்கத்தான் போனேன்" என்றார். "அரே செல்வம், தூங்காத. தூங்கினா கன்னத்துலயே வெப்பேன்."

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். நான் பின்னால் தவழ்ந்து வந்தேன். அவர் நடுரோட்டில் நின்று ஒரு லாரியை மறித்தார். டிரைவர் இரத்தத்தைப் பார்த்ததும் தயங்கினான். போலீசு, கேசு என்றான். பாபு அண்ணன் ஹேண்டிலில் தொங்கின கோழியை அவிழ்த்து அவன் மடியில் போட்டார். "சங்கராந்தி விருந்து. வெச்சுக்கோ. பையனை ஏத்து" என்று தெலுங்கில் சொன்னார். டிரைவர் கோழியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், கதவைத் திறந்தான்.

லாரி கிளம்பும் முன் அவரைக் கேட்டேன். "அண்ணே, எப்படித் தெரிஞ்சுது?"

"துப்பத் திரும்பினேன், நீ இல்ல. திருப்பத்துல மறைஞ்சிருப்பேன்னு பாத்தேன். மறுபடியும் துப்பத் திரும்பினேன், அப்பவும் இல்ல. ரெண்டு நாளா நான் திரும்பும்போதெல்லாம் நீ மூஞ்சக் கோணுவியே, அதப் பாக்கறதுதான் எனக்கு ரோட்டுல தமாஷு. மூஞ்சி காணோம்னதும் பேஜாராப்பூட்ச்சி. வந்தேன்."

பிள்ளைகளே, லாரியில் செல்வத்தின் தலையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். முந்தின நாள் காலையில் நான் கேட்ட ஜெபம் ஞாபகம் வந்தது. அந்த வாயை அடையும் என்று கேட்டேனே. ஆண்டவர் அதைக் கேட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் திரும்பிப் பார்க்கிற தலையே இருந்திருக்காது. கண்ணாடி இல்லாத வரிசையில் அவர் ஒரு கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தார். அதை நான் அசுத்தம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் துண்டை அவிழ்க்கும்போது, "இதைக் கட்டினது யாரு? இது இல்லாட்டி நீங்க பையனைக் கொண்டுவந்தே பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார். பல மாதம் படுக்கை. ஆனால் கால் தங்கியது, உயிர் தங்கியது. இன்று லேசாகச் சாய்ந்து நடந்துவந்து பாடகர் குழுவில் உங்களோடு நின்று பாடுகிறானே செல்வம் மாமா, அந்த நடை அன்றைக்கு வந்தது.

மற்ற ஆறு பேர்? வழியில் ஒரு ஓட்டலில் மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்களாம். வீடு போகிறவரை இரண்டு வண்டி குறைந்தது அவர்களுக்குத் தெரியாது. கேப்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "வரிசையில கண்ணாடி வெச்ச வண்டி ஒண்ணு இருந்திச்சே, அந்தக் கெட்ட ராசிதான் உன்னக் கவுத்துச்சி பாஸ்டர்" என்றான். அந்த மைதானத்து நாற்றம் அப்போது மறுபடியும் என் மூக்கில் ஏறியது. அந்த அருவருப்பு எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. உயிரை விளையாட்டாக நினைக்கிற இடம் எதுவோ, கூட வருகிறவன் இருக்கிறானா என்று பார்க்காத கூட்டம் எதுவோ, அது உங்களுக்கும் குமட்ட வேண்டும்.

ஆனால் மனுஷனைப் பார்த்துக் குமட்டும்போது கொஞ்சம் பொறுங்கள். அதன் பிறகு என் ஜெபம் மாறிவிட்டது. உதவி கேட்கிறேன். இன்னாரை அனுப்பும், இன்னாரை அனுப்ப வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்தவன் குரல் முன்னால் போகிறவன் காதில் விழாமல் போகலாம். அவர் காதில் விழும். யாருடைய கழுத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெரியவர்களாகி வண்டி வாங்கினால், கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

பாபு அண்ணன் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எங்கள் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வருவார். சாராயத்தை விட்டுவிட்டார், பானை விடவில்லை. சாப்பிட்டுப் போகும்போது கேட் பக்கத்துச் சுவரில் பளிச்சென்று ஒன்று துப்பிவிட்டுத்தான் போவார். உங்கள் ஆன்ட்டி தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கும் இன்றுவரை குடலைப் பிரட்டத்தான் செய்கிறது. ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய் நானே கழுவுவேன். சிவப்பு கரைந்து ஓடுகிறவரை, ஆண்டவரே உமக்கு நன்றி, ஆண்டவரே உமக்கு நன்றி என்று சொல்லிக்கொண்டே கழுவுவேன்.