மெயின் அருவியில் கேட்ட கேள்வி

சவூதியிலிருந்து லீவில் தென்காசிக்கு வந்திருந்த நேரம். குற்றாலத்தில் நல்ல சீசன். மனைவியையும் மூன்று வயது மகள் சுமையாவையும் கூட்டிக்கொண்டு மெயின் அருவிக்குப் போனேன். அங்கே ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத்தான் குளிக்க வேண்டும். பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். "புள்ளய நான் குளிப்பாட்டுதேன்" என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டேன்.

தாய் கண்ணில் படாமல் போனதும் சுமையா வீறிட்டு அழுது, என் பிடியிலிருந்து திமிறினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

"யாரு புள்ள இது?"

"என் மகதான் சார்."

அவர் நம்பவில்லை. அவளிடமே குனிந்து, "பாப்பா, இது உங்க அப்பாவா?" என்று கேட்டார்.

"இல்ல. எங்க வாப்பா போன்லல்லா இருக்காங்க."

மனைவி ஈரத்துணியோடு ஓடிவந்து சொன்ன பிறகுதான் அவர் என்னை விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

திரும்பும் ஆட்டோவில், "நான் இனி சவூதிக்குப் போகல" என்றேன். சவூதிப் பணத்தில் கட்டிவந்த வீட்டு மாடி பாதியில் நின்றது. மனைவி சுமையாவின் தலையைத் துவட்டிக்கொண்டே, "மாடிக் கம்பி துருப்புடிச்சா புடிக்கட்டும்" என்றாள்.

இப்போது செங்கோட்டையில் ஏசி மெக்கானிக் வேலை. சம்பளம் மாதக் கடைசி வரை தாங்குவதில்லை. துருவேறிய கம்பிகளைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்கிறது.

இந்த சீசனில் சுமையாவை மறுபடி ஆண்கள் பக்கம் தூக்கிப்போனேன். குளிரில் நடுங்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அங்கே நின்ற போலீஸ்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.