நான் காரை விட்ட காரணம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் வேலை செய்த பல்கலைக்கழகத்தில் என் படத்தைப் போட்டு ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். ரயில் மேடையில் தோற்பையுடன் நிற்கிறேன். கீழே, காரை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர் என்று எழுதியிருந்தது. உணவுச்சாலை வாசலிலும் நூலகத்திலும் அதை ஒட்டினார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், நான் நன்றி சொன்னேன். காரை ஏன் விட்டேன் என்பதை என் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

அப்போது கெல்சென்கிர்ச்சனில் குடியிருந்தோம். பல்கலைக்கழகம் வேறு நகரத்தில், ஒரு மேட்டில் இருந்தது. கொழும்பில் வாங்கிய இரசாயனப் பட்டம் ஜெர்மனியில் பாதிதான் செல்லுபடியானது. அந்தப் பாதியை வைத்து அங்கே ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். காலையில் வாகனத் தரிப்பிடம் நிரம்பி, புல்லின் மேலும் கார்கள் ஏறி நிற்கும். இதைக் குறைக்க மாணவர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். மழையிலும் பனியிலும் சைக்கிளில் வரும் ஒரு புவியியல் விரிவுரையாளர்தான் அதற்குத் தலைவி. அவர்களின் முதல் வேலை ஒரு பலகை வைத்தது. எங்கிருந்து வருகிறோம், காரில் எத்தனை பேருக்கு இடமுண்டு என்று தொலைபேசி எண்ணோடு ஒரு அட்டையில் எழுதி அதில் குத்திவிட வேண்டும். ஆள் ஏற்றி வருகிற காருக்குக் கட்டடத்தின் பக்கத்திலேயே இடம் தருவார்கள். எனக்கு அந்த இடம் தேவைப்பட்டது. நானும் ஒரு அட்டை குத்தினேன்.

தொலைபேசியில் கூப்பிட்டது ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன். எங்கள் நகரத்தின் ஓரத்தில் ஒரு அறையில் இருந்தான். பின்னேரங்களில் உணவகம் ஒன்றில் சட்டி கழுவினான், காலையில் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் வகுப்புக்குப் போனான். மொழிப் பரீட்சையில் தேறினால்தான் மின்பொறியியலில் சேரலாம். ஒருமுறை தவறிவிட்டது. இன்னொரு முறைதான் எழுத விடுவார்கள். வகுப்பு எட்டு மணிக்கு, அடிக்கடி பிந்தினால் பரீட்சையில் உட்காரவே முடியாது. மாணவர்களுக்கு அப்போது அடையாள அட்டையே பயணச்சீட்டாகியிருந்தது, ஆகவே போக்குவரத்துக்குச் செலவில்லை. ஆனால் அவன் இருந்த பக்கத்திலிருந்து பஸ், ட்ராம், ரயில், மறுபடி ட்ராம் என்று மாறி மாறி வர வேண்டும். ஒன்று தவறினால் எல்லாம் தவறும். என் கார் அவனுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

தன் அறைக்குக் கிட்ட ஒரு பெற்றோல் நிலையத்தடியில் குளிரில் கொடுகிக்கொண்டு நிற்பான். காருக்குள் ஏறியதும், "அண்ணை, வெளியில நிண்டிருக்கலாம் போல" என்பான். என் காரின் வெப்பமூட்டி அப்படி. வானொலியில் போக்குவரத்து நெரிசல் சொல்கிறவரின் குரலில் அவர் சொல்லும் ஜெர்மனையே திருப்பிச் சொல்லிப் பழகுவான். நான் பிழை திருத்துவேன். இரண்டு மாதம் நான் சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போனேன்.

ஒருநாள் நெரிசலில் கார் அசையாமல் நின்றது. அப்போதுதான் கேட்டேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் நாளே கேட்கிற கேள்வியை நான் அவ்வளவு நாள் கேட்காமல் இருந்ததே அதிசயம்.

"தம்பி ஊரில எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னான். அதில் எவடம் என்றேன். அவன் சிரித்தான்.

"இனிக் கோயிலுக்குக் கிட்டவோ எண்டு கேப்பியள். பிறகு கோயிலுக்கு எந்தப் பக்கம் எண்டு கேப்பியள். நானே சொல்லிவிடுறன் அண்ணை. நாங்கள் வெளியில நிண்டு கும்பிட்ட ஆக்கள்."

இங்கே அதையெல்லாம் ஆர் பார்க்கினம் என்று சொல்லிவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

என் சாப்பாட்டுப் பெட்டியை எப்போதும் பின் இருக்கையில் வைப்பேன். அடுத்த நாள் காரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் படித்தவன், ஊரில் சமத்துவம் பற்றி மேடையில் பேசியவன். தங்கைக்கு வுப்பர்டாலில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், இவனோடு திரிவது அவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அது வெறும் சாட்டு. அவன் என் பக்கத்தில் இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கிழமையே மாதச் சீட்டு வாங்கினேன். சூழலுக்கு நல்லதென்று பல்கலைக்கழகத்தில் சொல்கிறார்கள், இனி ரயிலில்தான் போகப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"நல்ல விஷயம் அண்ணை. அப்ப ரெயினில ஒண்டாப் போவம்" என்றான்.

இதை நான் யோசித்திருக்கவில்லை. திங்கட்கிழமை, அவ்வளவு தூரம் நடந்து என் ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டான். பக்கத்தில் இருந்தான். அடுத்த நாளும் வந்தான். மூன்றாம் நாள் நான் முந்திய ரயிலைப் பிடித்தேன், அதன்பிறகு எப்போதும் அதையே பிடித்தேன். அவன் மேடைக்கு வருவதை விட்டுவிட்டான் என்று பின்னர் தெரிந்தது. பனியில் நடக்க ஏலாமல் விட்டானோ, என் முகத்தைப் பார்க்க விரும்பாமல் விட்டானோ தெரியாது. தன் பக்கத்து பஸ்ஸில் சுற்றி வரத் தொடங்கினான், பிந்தவும் தொடங்கினான்.

"ஊரில சைக்கிளில போக வெக்கப்பட்ட மனிசன், இங்க ரெயினில போறது பெருமையோ?" என்றாள் மனைவி. உண்மையைச் சொன்னேன். அவள் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடித் தந்தாள்.

கார் வைத்திருந்தும் ரயிலில் வருகிற ஆள் என்று குழுத் தலைவிக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. படம் எடுத்தார்கள். நேர அட்டவணைகள் விநியோகித்தேன். மண்டபத்தில் ஒரு கூட்டத்தில் பேசவும் விட்டார்கள். கெல்சென்கிர்ச்சனின் எந்த மூலையிலிருந்தும் எட்டு மணிக்கு முன் இங்கே வந்து சேரலாம், மனம்தான் வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். என் பிரிவிலேயே இரண்டு பேர் அதைக் கேட்டுக் காரை விட்டார்கள்.

அதற்கு அடுத்த கிழமை அவன் ஆய்வுகூட வாசலுக்கு வந்தான். மெலிந்திருந்தான். பிந்தி வந்த நாட்கள் கூடிவிட்டன, பரீட்சைக்கு விடமாட்டார்கள் போலிருக்கிறது என்றான். நான் ரயிலில் வருகிறவன் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே அவனுடைய ஜெர்மன் ஆசிரியை என் சொல்லை நம்புவார் என்றான்.

"எங்கட பக்கத்தாலை எட்டு மணிக்கு வாறது கஷ்டம் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ அண்ணை. வேற ஒண்டும் வேண்டாம்."

சொல்லியிருக்கலாம். உணவுச்சாலைக்குப் போகிற வழியில்தான் அந்த ஆசிரியையின் அறை. ஆனால் மண்டபத்தில் பேசியது என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கைதட்டலை இழக்க எனக்கு மனமில்லை.

"நான் அப்பிடிச் சொன்னால் பிறகு எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கிவிடுவினம், தம்பி."

"ஓம் அண்ணை. சூழல் கெட்டுப்போகும்" என்றான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

அவனைப் பரீட்சைக்கு விடவில்லை. தெற்கே ஏதோ ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. தங்கையின் சம்பந்தம் வேறு காரணத்தால் குழம்பிப்போயிற்று. நான் ஓய்வு பெறும்வரை ரயிலில்தான் போனேன். பிறகு பிறகு அதை விரும்பியும் போனேன், காரை விட்டது நல்ல காரியம்தான். நல்ல காரியம் என்பதால்தான் இவ்வளவு காலமும் அதன் பின்னால் ஒளிந்திருக்க முடிந்தது.

அவன் போன அந்தக் கோடையில் உணவுச்சாலை வரிசையில் எனக்கு முன்னால் அந்த ஜெர்மன் ஆசிரியை நின்றார். சுவரில் இருந்த என் படத்தைக் காட்டி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, நானும் இலங்கைக்காரன் என்பதால், அவனைப் பற்றிப் பேச்செடுத்தார். கெட்டிக்காரன், ஏன் பிந்துகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன், நித்திரையாகிவிட்டேன் என்றுதான் சொன்னான், ஒரு நியாயமான காரணம் சொல்லியிருந்தால் நானே பரீட்சைக்கு விட்டிருப்பேன் என்றார்.

அவனை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

ரயிலில் கண்டிருக்கிறேன் என்றேன்.