பதினெட்டு உள்ளங்கைகள்

அச்சகத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்றுதான் பெயர். பெரிய தாளைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பதினாறு பக்கமாக மடித்துத் தள்ளிவிடுவாள். அவள் சொந்தமாகவே ஒரு புத்தகம் செய்வாள் என்று சொன்னால் மட்டும் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், செய்தாளே!

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அச்சகத்தில் மிஞ்சிய தாளில் பிள்ளையின் கையை வைத்துப் பென்சிலால் வரைந்து, கை நீளத்துக்கே தாளை வெட்டி வைப்பாள். ஒரு வருஷம் காலண்டர் தாள், ஒரு வருஷம் அழைப்பிதழ் அட்டை. இப்படிப் பதினெட்டு. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. வேலை கிடைத்து மகள் வெளியூர் கிளம்புகிற அன்று காலையில், மணிக்கட்டுப் பக்கமாக எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, பசை தடவி, அச்சகத்திலேயே காயவைத்தாள். புரட்டப் புரட்டப் பக்கம் நீளும், பிள்ளையும் வளரும். போகிறவள் கையில் கொடுக்க அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்தது.

வெட்டு மிஷின் அண்ணன் செய்த வேலை. தைத்து, பசை காய்ந்து, அட்டை போடாமல் ஒரு கட்டு கண்ணில் பட்டால் விளிம்பை நேராக வெட்டிவிடுவதுதான் அவர் தொழில். திறந்துகூடப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சின்னப் பக்கத்தின் அளவுக்கு மொத்தத்தையும் வெட்டிவிட்டார், பாவி மனுஷன்.

"கோணலும் மாணலுமா இருந்துச்சேம்மா. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு..."

"வேலை மிச்சந்தாண்ணே. பிள்ளையோட விரலெல்லாம் போச்சு."

விஷயம் புரிந்ததும் அவர் குப்பைக் கூடைக்கு ஓடினார். கழிவுத் தாள் எடுப்பவர் வந்து அள்ளிப்போய் அரைமணி ஆகியிருந்தது. நல்லது நினைத்துச் செய்தவரை என்னவென்று திட்டுவது? வெட்டுப்பட்டதையே பையில் போட்டுக்கொண்டு மகளை வழியனுப்பக் கிளம்பினாள்.

பஸ் நிலையத்தில் கொடுப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவளின் பையிலிருந்து மகளே அதை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா இது? முதல் பக்கத்துல மட்டுந்தான் விரல் முழுசா இருக்கு."

"தெரியாம வெட்டிட்டாங்கடி. குடு, வேற செஞ்சு அனுப்புறேன்." போன வயதையெல்லாம் எங்கே போய்ப் பிடித்து வந்து வரைவது? வாய் சும்மா சொன்னது.

மகள் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து, கோட்டின்மேல் தன் கையை வைத்தாள். உள்ளங்கை கச்சிதமாக உட்கார்ந்தது. விரல்கள் மட்டும் தாளுக்கு வெளியே நீண்டிருந்தன.

"விரல் எங்கயும் போகலம்மா. எங்கிட்டதான் இருக்கு."

மடிப்பக்கா அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டும் விடவில்லை.